பாய்மரத்துக்குக் கீழே செல்வியின் பில்லை

எதிர் வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். அந்த வாசனைக்கு, ஒரு புதுப் படகுக்குப் பாய்மரம் நிறுத்திய அன்றைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள். படகுக்காரர். அவர் மனைவி. படகு கட்டிய ஆசாரி. கிரேன் ஓட்டியவர். என்னோடு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த செல்வி. கடைசியில் நான்.

படகுக்காரர் வீடு புதுச்சேரி. வடலூரில் எங்கள் பட்டறைக்குப் பொம்மை வாங்க வந்த அவர் மனைவிதான் சொன்னார். பாய்மரம் நிறுத்தும் குழியில் முதலில் ஒரு காசு வைப்பார்களாம். படகுக்கு நல்லதாம். காசை உப்பு தின்றுவிடும், பீங்கான் கெடாது, ஆளுக்கு ஒரு வட்டப் பில்லை செய்யுங்கள் என்றார். எது பொருந்துகிறதோ அதைச் செய்தவருக்கு முதல் ஓட்டத்தில் படகில் இடம். ஒரே இடம்தான். நான் கடலைக் கரையில் நின்று பார்த்தவள். உள்ளே போனதில்லை.

அளவு போனில் வந்தது. சூளையில் மண் சுருங்கும். அதனால் கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவோம். நான் கூட்டினேன். செல்வி வேலைக்குப் புதுசு, சொன்ன அளவை அப்படியே வெட்டினாள். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த அம்மா சுருங்குவதற்கும் சேர்த்தே அளவு சொல்லியிருக்கிறார். யாரிடமோ விசாரித்தாராம். என்னிடம் விசாரித்திருக்கலாம்.

என் பில்லைதான் அழகு. நீலம், நடுவில் ஒரு மீன். அவளுடையது வெறும் வெள்ளை.

பாய்மரம் நிறுத்தும் நாளில் பில்லைகளோடு புதுச்சேரிக்குப் போனோம். ஆசாரி இரண்டையும் குழியில் வைத்துப் பார்த்தார்.

"இது ரெண்டு நூலு பெருசும்மா."

"குழியைக் கொஞ்சம் குடைங்களேன்."

"குடைஞ்சா மரத்தோட காலு ஆடும். உன் மீனுக்காவ படகைக் கவுக்கச் சொல்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆசாரி கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கால் அங்குலம் என்னைக் கரையில் நிறுத்தியது.

தேங்காய் உடைத்தார்கள். கிரேன் மரத்தைத் தூக்கியது. இறங்கும்போது எல்லோரும் ஒரு கை வைக்க வேண்டுமாம், வைத்தேன். செல்வியின் பில்லைமேல் மரம் உட்கார்ந்தது.

சாயங்காலம் படகு கிளம்பியது. "அக்கா, என் செருப்பைப் பாத்துக்குங்க, போயிட்டு வரேன்" என்றாள். பார்த்துக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் வடலூர் வரைக்கும் அவள் வாய் மூடவில்லை. "உள்ள போவப் போவத் தண்ணி பச்சையா இருக்குதுக்கா." நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

படகை விற்றுவிட்டார்கள். பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். செல்வி திருப்பூரில் இருக்கிறாள். போன் எடுத்தால் இன்னமும் கடலில்தான் ஆரம்பிக்கிறாள்.

என் பில்லை உப்பு ஜாடிக்கு மூடி. அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்றைக்கும் எடுத்து அளந்தேன். குழியின் அளவு எனக்கு மறக்கவில்லை. கூடுதல், இரண்டு நூல்.