ருசி பார்க்கும் வாய்

ஜப்பானில், ஒசாகாவில் பிறந்த பெண்ணை மீதோவில் ஒரு நட்டோ வீட்டுக்குக் கட்டிக்கொடுப்பது, சைவக்காரியைக் கருவாட்டுக் கடையில் கட்டிக்கொடுப்பது மாதிரிதான். மீதோக்காரர்களுக்குப் புளிக்க வைத்த சோயாப் பயறான நட்டோ இல்லாமல் காலைச் சோறு இறங்காது. ஒசாகாக்காரர்களைக் கேட்டால், அது கெட்டுப்போய் நூல் விட்ட சோயாப் பயறு என்பார்கள். அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஹிசாயோ புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள்.

"பயறு வேக வைக்கிறேன், வைக்கோல்ல கட்டுறேன், சந்தையில நின்னு கூவி விக்கிறேன். ஆனா வாயில வைக்கச் சொல்லாதீங்க. சொன்னா அடுத்த ரயில்ல ஏறிடுவேன்" என்றாள் மூன்றாம் நாளே.

"ரயில் ஏறுனாலும் சேலையில வாடை வரும்டி" என்று நம்மூர் மாமியார் மாதிரி சொல்வதற்கு அங்கே யாரும் சேலை கட்டுவதில்லை. கணவர் நெமோட்டோ யசூஜி சொன்னது இவ்வளவுதான்: "வேணாம். நீ சாப்பிடாட்டி எனக்கு ஒரு பங்கு கூட." முப்பது வருஷத்துக்கு மேல் அவள் வாயில் வைக்கவே இல்லை.

ருசி பார்ப்பது யசூஜியின் வேலை. காலையில் பயறு புளிக்கும் சூடு அறையைத் திறந்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொள்வார். கண்ணை மூடி மெல்லுவார். "போகட்டும்" என்றால் சரக்கு வெளியே போகும். வேண்டாம் என்று தலையை ஆட்டினால் அன்றைக்கு வாடிக்கையாளர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். வைக்கோலில் கட்டுகிற பெண்களிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. பிறந்ததிலிருந்து தின்று பழகிய நாக்கு, எதைக் கொடுத்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்றுவிடும்.

அந்த மனிதர்தான் ஒரு இலையுதிர் காலத்துக் காலையில், வேகும் பயற்று அண்டாவுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எபிஹாரா பொறுமையாகச் சொன்னாள். "இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல கொழுப்புத் திட்டு ரொம்ப நாளா இருந்திருக்கு. அது வெடிச்சிருச்சு. காயம்னு நெனச்சு ரத்தம் அங்க ஓடிவந்து உறைஞ்சிருச்சு. குழாயை அடைச்சது அந்தக் கட்டிதான். அடைப்பைத் திறந்துட்டோம். ஆனா அடிபட்ட இதயத்துக்குள்ள இன்னொரு கட்டி ஒட்டிக்கிட்டிருக்கு. அது கரையிற வரைக்கும், ரத்தம் உறையாம பாத்துக்குற வார்ஃபரின் மாத்திரை போடணும்."

"போடுறேன்."

"நட்டோ கூடாது நெமோட்டோ-சான். ஒரு வாய்கூட."

யசூஜி சிரித்தேவிட்டார். மீன்காரனைப் பார்த்து மீனைத் தொடாதே என்றால் சிரிக்காமல் என்ன செய்வான்!

வீட்டுக்கு வந்தபின் நடந்ததுதான் ஹிசாயோவுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்தம் வேகமாகவே உறைந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினாள். பிறகும் கூட்டினாள். வேறு வீடாக இருந்தால் வாடையே காட்டிக்கொடுத்திருக்கும். இந்த வீட்டில் சுவரே நட்டோதான் வீசும். கடைசியில் காட்டிக்கொடுத்தது மீசை. ஒரு காலை, யசூஜியின் மீசையிலிருந்து மெல்லிய நூலொன்று வெயிலில் மின்னிக்கொண்டு தொங்கியது.

"அட பாவி மனுஷா! என்ன இது?"

"கத்தாத. டிவியிலயே சொல்றான், நட்டோ ரத்தத்தைத் தண்ணியா ஓட வைக்குதாம். மாத்திரையும் அதையேதான் செய்யுது. ரெண்டும் சேந்தா ரெட்டைக் காவல் இல்லையா?"

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா?"

"அவங்க டோக்கியோக்காரங்க. நட்டோவைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

கிண்ணத்தைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கொட்டினாள். அன்றோடு அவர் நிறுத்தினார், பெண்டாட்டிக்குப் பயந்து. டாக்டரம்மாவிடம் சொல்ல அவருக்கு வெட்கம். திட்டு விழுமே என்று இவளும் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

அடுத்த வாரம் யசூஜியின் மூக்கில் ரத்தம் வந்தது. துண்டு நனைந்தது, இன்னொரு துண்டும் நனைந்தது. கையெல்லாம் நீலத் திட்டு. ஆம்புலன்சில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஹிசாயோ, நான்தான் கொன்றுவிட்டேன், நான்தான் கொன்றுவிட்டேன் என்று புலம்பிக்கொண்டே போனாள்.

டாக்டரம்மாவிடம் இப்போது எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் திட்டவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ரத்தம் உறையிறதுக்கு ஈரல்ல சில காரணிகள் தயாராகணும். அதுக்கு வைட்டமின் கே வேணும். மாத்திரை அந்தக் கே-யை வேலை செய்ய விடாது. நட்டோவுல கே கொட்டிக் கெடக்கு. அதோட கிருமி குடல்ல உக்காந்து இன்னும் கே-யைச் செஞ்சுக்கிட்டே இருக்கும். ரெண்டும் கயிறு இழுத்துக்கிட்டிருந்துச்சு. நான் தெரியாம மாத்திரை பக்கம் ஆள் சேத்துக்கிட்டே போனேன். நீங்க நட்டோவை மட்டும் திடீர்னு விட்டா? மாத்திரை பக்கமே மொத்தமா சாஞ்சு, ரத்தம் உறையாமப் போச்சு."

மூக்கில் பஞ்சோடு படுத்திருந்த யசூஜி கேட்டார்: "இப்ப ஊசியில என்ன போட்டீங்க?"

"வைட்டமின் கே."

"அப்ப நட்டோவைத்தான் போட்டிருக்கீங்க!"

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். ஹிசாயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடினாலும் சாவு, குறைந்தாலும் சாவு என்று ஒரு மனிதர் கயிற்றின்மேல் நிற்கிறார். இதில் கிண்டல் வேறு.

மாத்திரையைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையே யசூஜி சூடு அறையைத் திறந்து, பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "ருசி பாக்காத சரக்கு இந்த வீட்டுலேருந்து போனதில்ல. நாக்குல வச்சுட்டுத் துப்பிடுறேன்."

அவர் துப்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வாய் திறந்தால் உயிர் போகும். யாரும் வாய் திறக்காவிட்டால் கடை போகும். கடை போனால் இந்த மனிதர் எதற்காக மாத்திரை போடுவார்?

"இங்க குடுங்க" என்றாள்.

குச்சியால் கிளறி, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. விழுங்கினாள்.

"எப்படி?"

"கண்றாவி."

"அது எனக்குத் தெரியும். நேத்தைக்கு வாசல்ல வீசுச்சே, அதைவிட மோசமா?"

யோசித்தாள். மூக்கைப் பொத்தியபடியே இத்தனை வருஷம் இந்த வாடைக்குள் வாழ்ந்தவள். "கடைசில ஒரு கசப்பு. பயறு கூடுதலா வெந்திருக்கு."

யசூஜி தலையை ஆட்டினார். அன்றைய சரக்கு போகவில்லை.

அதிலிருந்து தினமும் அவள் மெல்லுவாள், அவர் எதிரே நின்று அவள் முகத்தை மெல்லுவார். பெரிய சுளிப்பு என்றால் நிறுத்து, சின்னச் சுளிப்பு என்றால் போகட்டும். "நட்டோ வீட்டு முதலாளி பொண்டாட்டி மூஞ்சியைப் பாத்துச் சரக்கு அனுப்புறாராம்" என்று சந்தையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பரிசோதனையில் ரத்தம் உறைகிற வேகம் கூடாமல் குறையாமல் நின்றது.

பனி விலகிய ஒரு காலையில் ஹிசாயோ ஒரு வாய் மென்றாள். முகம் சுளிக்கவில்லை. யசூஜி காத்துக்கொண்டிருந்தார். அவள் யாரும் கேட்காமலே, குச்சியை நீட்டி இரண்டாவது வாயை எடுத்தாள்.

யசூஜி வாசல் பக்கம் திரும்பி, கட்டுகிற பெண்களைப் பார்த்துச் சொன்னார்: "போகட்டும்."