டெல்பர்ட் ரிவால்வர் விற்ற லட்சணம்

என் வீட்டுக்காரர் டெல்பர்ட் ஹக்கபி நல்ல மனிதர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். குடிக்க மாட்டார். தேவாலயத்தில் பிரசங்கத்தின்போது தூங்க மாட்டார். ஓக்லஹோமா எண்ணெய்க் கிணறுகளில் காலம் முழுக்க வேலை பார்த்தும் பத்து விரல்களோடு ஓய்வு பெற்றவர். ஆனால் ரிவால்வர் என்று வந்துவிட்டால் அவரோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. சுவராவது பதிலுக்குப் பாடம் எடுக்காது.

எங்கள் பக்கம் துப்பாக்கி இல்லாத வீடு அபூர்வம். என் தங்கைகூடச் சமையலறையில் பூட்டிய டிராயரில் பிளாஸ்டிக் உடம்போடு வருகிற ஒரு புதுரக பிஸ்டல் வைத்திருக்கிறாள். வாங்கினாள், வைத்தாள், மறந்தாள். டெல்பர்ட் அதைப் பார்த்தால் முகம் கோணும். "பிளம்பர் பையில கிடக்க வேண்டிய சாமான்" என்பார். அவருக்குப் பழைய எஃகு ரிவால்வர்தான் வேண்டும். கருநீலப் பளபளப்பும் வால்நட் மரப்பிடியும் ஆறு குண்டுகளுக்கான உருளையும் இருக்க வேண்டும். இப்போது வருகிற சில ரிவால்வர்களில் பூட்டுவதற்காகப் பக்கவாட்டில் ஒரு சின்னச் சாவித்துளை வைக்கிறார்கள். அந்தத் துளையைத் தன் நெஞ்சிலேயே போட்டுவிட்டதுபோல அவர் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

"இதுல ஒளிவுமறைவே கிடையாது நடீன்" என்பார், காலைச் சாப்பாட்டு மேஜையில், என் பிஸ்கட்டுகளுக்கு நடுவே ஒன்றை வைத்துக்கொண்டு. "திறந்தா ஆறும் கண்ணுக்குத் தெரியும். விசையை இழுத்தா உள்ள என்ன நகருதுன்னு விரலுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியறதெல்லாம் மேஜை விரிப்புல எண்ணெய்க் கறை" என்பேன். அவர் காதில் விழாது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். எங்கள் மகள் கெண்ட்ரா தொலைதூரத்தில், டூசான் நகரத்தில் இருக்கிறாள், இரட்டைப் பிள்ளை சுமந்துகொண்டு. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாமிரச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. மூத்தவன் கோல்பிக்கு மூன்று வயது, எதைப் பூட்டி வைத்தாலும் திறந்துவிடுகிற ரகம். "பின்னாடி ரூம் உங்களுக்குத்தான், வந்து இங்கேயே இருங்க. ஆனா அப்பா ஒரே ஒரு துப்பாக்கிதான் கொண்டுவரணும், அதுவும் இரும்புப் பெட்டிக்குள்ள. மத்தது எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றாள். நியாயம்தானே?

டெல்பர்ட்டும் நியாயம் என்றுதான் சொன்னார். "ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்த வித்துடறேன். நல்ல கைக்குப் போச்சுன்னா சரி."

அந்தக் கடைசி வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் துப்பாக்கிச் சந்தை மாட்டுக் கண்காட்சி நடக்கும் கொட்டகையில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடக்கும். டெல்பர்ட் ஒரு மேஜை பிடித்தார். பச்சைத் துணி விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். எதை வைத்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லையாம், அதனால் அதுவும் அந்த வரிசையிலேயே எங்கேயோ இருந்தது.

முதலில் ஒரு பையன் வந்தான். நல்ல சட்டை, கையில் பணம். ரிவால்வரை எடுத்து, உருளையை வெளியே தள்ளிப் பார்த்து, மணிக்கட்டை ஓர் உதறு உதறி 'டக்'கென்று மூடினான், சினிமாவில் மூடுவார்களே, அப்படி. டெல்பர்ட்டின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படி உதறினால் உருளையைத் தாங்குகிற சின்னக் கை வளைந்துவிடும், அப்புறம் உருளை நேராக நிற்காது. இதைத் திருமணமான வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்.

"சார், அத கீழ வச்சுருங்க."

"ஏன் சார்? விலை எழுதியிருக்கே?"

"எழுதினது தப்பு."

அடுத்து வந்தவர் உருளையைக் காதருகே வைத்துக் கரகரவென்று சுற்றிப் பார்த்தார். அவருக்கு விலை இரண்டு மடங்காயிற்று. மூன்றாவது ஆள் எதையும் தொடக்கூட இல்லை. இதன் குழாய்க்கடியில் டார்ச் மாட்ட முடியுமா என்றுதான் கேட்டார். டெல்பர்ட் தெர்மாஸைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார்.

"டெல்பர்ட், நீ துப்பாக்கி விக்க வந்தியா, மாப்பிள்ள பார்க்க வந்தியா?"

"அவசரப்படாத நடீன். ஆள் வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட்டால் கொட்டகை முழுக்கக் கேட்கும் என்று பிரிஸ்கட் என்கிற சுட்ட மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச் வாங்கப் போய்விட்டேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது டெல்பர்ட்டின் முகம் மலர்ந்திருந்தது. பச்சைத் துணியில் ஓரிடம் காலி. என் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

"வித்துட்டியா!"

"குடுத்துட்டேன். ஓபல்னு ஒரு அம்மா, ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க. நீ பார்த்திருக்கணும் நடீன். 'தொடலாமா சார்?'னு கேட்டாங்க. ரெண்டு கையாலயும் மூடினாங்க. திருப்பி வைக்கறதுக்கு முன்னாடி அவங்க துணியாலயே தொடச்சாங்க!"

"பணம் எங்க?"

அப்போதுதான் அவர் பக்கவாட்டில் கண்ணை ஓட்டினார். மேஜையின் மறுகோடியில், நான் முன்பின் பார்த்திராத இரண்டு ரிவால்வர்கள் படுத்திருந்தன.

"அவங்க கையில பணம் இல்ல. மாத்திக்கிட்டோம். ஒண்ணு குடுத்து ரெண்டு வாங்கிட்டேன்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன்; பக்கத்து மேஜையில் உலர்ந்த மாட்டிறைச்சி விற்கிறவர்கூட எட்டிப் பார்த்தார். விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதை ஒழுங்காக மூடத் தெரிந்தவர்கள் எல்லோரும் என் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள். சம்பளம் முழுவதையும் இதிலேயே போட்டுவிட்டு, இன்னொரு ரிவால்வரைக் கொடுத்துத்தான் ரிவால்வர் வாங்குவார்கள். பணம் வைத்திருப்பவர்களுக்கு மூடத் தெரியாது. இந்த மனிதர் பரீட்சை வைத்துக்கொண்டே இருந்தால் நான் டூசானுக்குப் போய்ச் சேர்வது என் சவப்பெட்டியில்தான்.

சாண்ட்விச்சைப் பிரிப்பதற்குள் கெண்ட்ரா போன் செய்தாள். குழந்தைகள் முன்னதாகவே வந்துவிடும்போல, வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார்களாம். "கோல்பிய யாருகிட்ட விடறதும்மா? அப்பா வராட்டி பரவால்ல. நீ மட்டுமாவது வா" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

போனை வைத்துவிட்டு டெல்பர்ட்டிடம் சொன்னேன்: "நாளைக்கு மேஜையில நான்தான் உக்காருவேன். நீ உன் கூட்டாளிங்களோட எங்கயாவது போய்ச் சாப்பிடு. சாயங்காலம் நான் டூசானுக்குக் கிளம்பறேன். வர்றதா இருந்தா வா."

மறுநாள் காலையில் ஒவ்வொன்றையும் துடைத்து வைத்துவிட்டு, அடி வாங்கிய நாய்க்குட்டி மாதிரி வெளியே போனார்.

பத்து மணி வாக்கில் டிரென்ட் என்று ஒருவன் வந்தான். நீச்சல் குளம் கட்டித் தருகிற ஒப்பந்தக்காரன். புத்தம்புது பூட்ஸ், வெளியே வெள்ளைப் பிக்கப் வண்டி. ஒன்றை எடுத்தான், திறந்தான், 'டக்'கென்று உதறி மூடினான். எனக்கே பல் கூசியது. "சார், கீழ வைங்க" என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது, சத்தியமாக. விழுங்கினேன். வீட்டு பாரில், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக மாட்டி வைக்கப் போகிறானாம். மொத்தமாக எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். பேரம் பேசவில்லை. அவன் கொண்டுவந்த பெட்டியில் நானே எடுத்து வைத்துக் கொடுத்தேன்.

டிரென்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போன கையோடு டெல்பர்ட் திரும்பி வந்தார்; மேஜைமேல் துணி மட்டும்தான் இருந்தது. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அதற்கான பதில்களை ராத்திரி முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"யாரு?" என்றார்.

"டிரென்ட்னு ஒருத்தன். வெள்ளப் பிக்கப்."

"உதறினானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "உதறினான்" என்றேன்.

அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். வியாபாரத்தைக் கலைக்கப் போகிறார் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பணப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "டெல்பர்ட்! அந்த வண்டியத் தொட்டே, உன் காலை உடைச்சிருவேன்!"

நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி வண்டியின் பின்பலகையில் திறந்திருந்தது. டெல்பர்ட் டிரென்ட்டின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டை விரல இங்க வைங்க சார். தள்ளாதீங்க. பிள்ளை தூங்கற ரூம் கதவ எப்படிச் சாத்துவீங்க? அப்படி."

டிரென்ட் சாத்தினான். சத்தமே வரவில்லை.

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் சாத்தினான். பிறகு அவன் டெல்பர்ட்டின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சார், இதெல்லாம் உங்களோடதுதானே? ஒண்ண நீங்க வச்சுக்குங்க. எது வேணும்னாலும் எடுத்துக்குங்க, காசு வேணாம்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றுதானே மகள் சொல்லியிருந்தாள். அவசரத்தில் அதையும் சேர்த்து விற்றுவிட்டேன். அந்த மனிதர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெல்பர்ட் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றின் மரப்பிடியில் விரலை வைத்தார், எடுத்துவிட்டார்.

"வேணாம் சார். ஒண்ண எடுத்தா மத்ததையெல்லாம் நான் வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்." பெட்டியை மூடினார், மெதுவாக, இரண்டு கையாலும். துப்பாக்கி துடைக்கிற தன் எண்ணெய்த் துணியை அதன்மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏறு நடீன். டூசான் ரொம்பத் தூரம்" என்றார்.

எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வாரக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் வாயிலேயே இருந்தது, ஒன்றையாவது சொல்ல இந்த மனிதர் எனக்கு இடம் வைத்தாரா? நெடுஞ்சாலை வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். அவர் பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.