அப்பாவுக்குக் கொள்ளி வைக்க அண்ணா ஏன் வரவில்லை

எங்கள் அண்ணா யாழ்ப்பாணம் அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று மரண அறிவித்தலில் போட்டார்கள். பிழையில்லை. ஆனால் அண்ணா தன் வாழ்நாளில் கூடிய காலம் இருந்தது இந்த இரண்டு இடத்திலும் அல்ல. பப்புவா நியூகினி என்ற நாட்டின் மலைப்பகுதியில் இருந்தார். அங்கே சின்ன விமானம் ஓட்டினார். அதை அறிவித்தலில் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் எழுதியவர்களுக்கு அது ஒரு வெட்கம். இந்த முப்பத்தோராம் நாள் மலரில் எழுதவேண்டியவள் தங்கையாகிய நான். எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நினைவு மலரில் கோபம் கூடாது என்பவர்கள் நேரே தேவாரப் பக்கத்துக்குப் போகலாம்.

போன கிழமை பெரியப்பாவின் மகன் எனக்கு ரெலிபோன் எடுத்தார். பெரியப்பா என்றால் எங்கள் அப்பாவின் தமையன். அவர்தான் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர், தன் வீட்டு பேஸ்மென்றில் இடம் தந்தவர். அதை நாங்கள் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்க அவர் விட்டதும் இல்லை.

"அக்கா, அண்ணையைப் பற்றி எழுதேக்கை, பெரிய எயர்லைன் ஒண்டிலை கப்டனா இருந்தவர் எண்டு போடுங்கோ. சனம் வாசிக்கிறது. பண்டியும் கிழங்கும் ஏத்தின பிளேன் எண்டு எழுதிப் போடாதேங்கோ."

"ஏன் தம்பி, நீர் பிறம்ரனிலை இருந்து லொறியிலை ஏத்திறது என்ன, தங்கமோ?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அண்ணா ஊரில் படிக்கும் காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்குள் ஓடிய தலைமுறை நாங்கள். விமானப்படை முகாம் இருந்த பலாலிப் பக்கமிருந்து இரைச்சல் வந்தால் அடுப்பில் இருப்பது இருந்தபடி இருக்கும். அப்படி வளர்ந்தவர் ரொறன்ரோவுக்கு வந்து, பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, மிச்ச நேரத்தில் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றபோது அம்மா அழுதார். "குண்டு போடுறவங்கள் ஓடுறதை நீ ஏனடா ஓடோணும்?" என்றார். அண்ணா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, "சாமான் கொண்டுபோற பிளேனும் இருக்கு அம்மா" என்றார். தான் சொன்னபடியே கடைசிவரை சாமான் கொண்டுபோகும் விமானம்தான் ஓட்டினார்.

முதலில் ஒன்ராறியோவின் வடக்கே, றோட்டே இல்லாத ஊர்களுக்கு எண்ணெய்ப் பீப்பாயும் கடிதமும் கொண்டுபோனார். பிறகு பப்புவா நியூகினியில் ஒரு சிறிய கம்பனியில் வேலை கிடைத்தது. அங்கேயும் மலை ஊர்களுக்குள் றோட் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகம், கூரைத் தகரம், உப்பு, மருந்து எல்லாம் விமானத்தில்தான் போகவேண்டும். திரும்பி வரும்போது கோப்பி மூட்டை, வற்றாளைக் கிழங்கு, பன்றிக்குட்டி, நோயாளி, சிலவேளை பிரேதம். அண்ணா எல்லாவற்றையும் ஏற்றினார். சனம் ஏற முந்தி ஆளையும் பையையும் தராசில் நிறுப்பார். பெரியப்பாவின் வீட்டு விருந்தொன்றில் இதைச் சொன்னபோது, "அப்ப எங்கடை சின்னம்மா ஏறினால் பண்டியை இறக்கோணும்" என்று ஒருவர் பகிடி விட, வீடே சிரித்தது. அண்ணாவும் சிரித்தார். நானென்றால் எழும்பிப் போயிருப்பேன்.

ஒருமுறை நான் அங்கே போனேன். அண்ணா என்னைத் தனக்குப் பக்கத்து சீற்றில் இருத்திக் கொண்டுபோனார். விமான நிலையம் என்று ஒன்றை நினைத்துக்கொண்டு போன எனக்கு, ஒரு மலைச் சரிவில் புல் வெட்டிய ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். சாய்வான நிலம். கீழ்ப்பக்கம் பள்ளம், மேல்பக்கம் மலை. மேல்நோக்கித்தான் இறங்கவேண்டும், கீழ்நோக்கித்தான் கிளம்பவேண்டும். இறங்கத் தொடங்கிவிட்டால் வேண்டாம் என்று திரும்பவும் உயர இடமில்லை. அதனால் அண்ணா இறங்க முந்தி மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காற்றைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், நிலத்தில் பன்றி நிற்கிறதா என்றும் பார்த்தார். நான் சீற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "என்ன, பஸ்ஸிலை வந்திருக்கலாம் எண்டு யோசிக்கிறியோ?" என்று கேட்டார்.

அந்த ஊரில் இருந்து வெளியே வர இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி மட்டும்தான் உண்டு. காலையில் திறந்திருக்கும். மதியம் ஆக மேகம் வந்து மூடிவிடும். நாங்கள் கிளம்பி அதைக் கிட்டும்போது மேகம் பாதிக்கு வந்துவிட்டது. மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. எனக்கென்றால் போகலாம் போலத்தான் இருந்தது. அண்ணா விமானத்தைத் திருப்பி, கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கினார்.

"வெளிச்சம் தெரிஞ்சதே அண்ணா?"

"தெரிஞ்சது. நடுவிலை என்ன இருக்கெண்டு தெரியேல்லை."

கூட வந்த ஊர்ச் சனம் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இறங்கி, நெருப்பு மூட்டி, கிழங்கு சுட்டு எங்களுக்கும் தந்தார்கள். மலை மூடினால் நிற்பது, திறந்தால் போவது. அங்கே பச்சைப் பிள்ளைக்கும் அது தெரியும். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை.

இனி அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். நான் அங்கே போனது அப்பா இறந்த பிறகு. இது அதற்கு முந்தி நடந்தது.

அப்பா ஒரு வியாழக்கிழமை காலை இங்கே ஆஸ்பத்திரியில் கண்மூடினார். நான் அண்ணாவின் கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். அண்ணா அப்போது நான் சொன்ன அதே மலை ஊரில் நின்றார். கம்பனிக்காரர் விமானத்து றேடியோவில் செய்தியைச் சொல்லி, அண்ணாவின் பதிலை எனக்குச் சொன்னார்கள். மலை மூடிவிட்டது, திறந்த உடனே வருகிறேன், செவ்வாய்க்கிழமை வரை அப்பாவை வைத்திருக்கச் சொல்லுங்கள். இவ்வளவுதான் கேட்டார்.

நான் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். மூத்தவர் என்பதால் காரியம் எல்லாம் அவர் கையில் இருந்தது. கிரியைக்கான ஹோல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிந்தாகிவிட்டது என்றார். மாற்றலாம், நான் கேட்டுவிட்டேன், செவ்வாய் இடம் இருக்கிறது என்றேன்.

"செவ்வாய் வேலை நாள். ஆர் பிள்ளை வருவினம்? ஹோலிலை பத்துப் பேர் இருந்தால் எங்கடை குடும்பத்துக்கு என்ன மரியாதை?"

அம்மா மூலையில் இருந்து, "என்ரை பிள்ளை வரட்டும். அவன் வந்து செய்யட்டும்" என்றார். ஒருமுறை அல்ல, அன்று முழுவதும் சொன்னார். ஒருவரும் காதில் விழுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிறையச் சனம் வந்தது. பெரியப்பாவின் மகன் வேட்டி கட்டிக் காரியம் செய்து, எரியூட்டும் இடத்தில் கொள்ளிக்குப் பதிலாக உள்ள பொத்தானையும் அமத்தினார். அண்ணா செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தார். சொன்ன நாளில், சொன்னபடி வந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று பந்தியில் அண்ணாவும் இருந்தார். அத்தனை சனத்துக்கும் முன்னால் பெரியப்பா சொன்னார்: "கப்டன் வந்திட்டார். கொள்ளி வைக்க நேரமில்லை, சாப்பிட நேரமிருக்கு."

அண்ணா இலையைப் பார்த்தபடி இருந்தார். எழும்பிப் போகவில்லை. அம்மா பார்த்துக்கொண்டு நின்றதால் சாப்பிட்டு முடித்தார். பெரியப்பாவின் அந்தப் பாவத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

தகப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன். அன்றிலிருந்து இதுதான் எங்கள் சனத்திடம் அண்ணாவின் பெயர். யூனியன்வில்லில் ஒரு நல்ல குடும்பம், பெண்ணுக்கும் அண்ணாவைப் பிடித்திருந்தது, கலியாணப் பேச்சு முற்றாகும் கட்டத்தில் இருந்தது. அவர்கள் விசாரிக்கப் போன இடம் பெரியப்பா வீடு. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. அண்ணா மலைக்குத் திரும்பிப் போனார். பிறகு ஒருவரையும் தனக்குப் பெண் பார்க்க விடவில்லை.

விழுந்த விமானத்தைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். அண்ணாவின் விமானம் ஒருநாளும் விழவில்லை, அதனால் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. இருதயத்தில் கோளாறு என்று வைத்தியர் சொல்லி லைசன்ஸ் போன பிறகு இங்கே வந்தார். அம்மாவோடு ஸ்காபரோ அப்பார்ட்மென்றில் இருந்து, பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை செய்தார். அம்மாவின் சக்கர நாற்காலியை வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது மேலே மேகத்தைப் பார்ப்பார். அம்மா ஏசுவார், "றோட்டைப் பார்த்துத் தள்ளு." ஒரு புதன்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கும்போது இருதயம் நின்றுவிட்டது.

அண்ணாவின் போனில் இருந்த ஆட்களுக்கு நான் ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன். ஒருவர் அவுஸ்திரேலியாவில் உள்நாட்டு ஊரொன்றில் இருக்கும் வயதான பெண்மணி. அந்த மலைநாட்டில் நேர்ஸாக வேலை செய்தவர். அண்ணா அவரை சிஸ்டர் என்றுதான் சொல்வார். செய்தி கேட்டு அழுதுவிட்டு, "நான் வருகிறேன், எனக்காகக் கொஞ்சம் பொறுப்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முழங்கால் ஏலாதவர், பல விமானம் மாறி வரவேண்டும். அடுத்த செவ்வாய்தான் வந்து சேரலாம் என்றார்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா யோசிக்கவில்லை. "வாறவ வரட்டும். புதன்கிழமை வை" என்றார்.

பிறகு பாருங்கள் ரெலிபோன் அடித்த அடியை. ஞாயிற்றுக்கிழமை ஏன் வைக்கவில்லை, ஒரு வெள்ளைக்காரிக்காகப் பிரேதத்தை வைத்திருப்பதா, வேலை நாளில் லீவு எடுக்க முடியுமா. பெரியப்பாவே எடுத்தார். "உங்களுக்கு என்ன விசரோ?" என்று கேட்டார். "ஓம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

புதன்கிழமை ஹோலில் கதிரைகள் கூடுதலாக வெறுமையாகத்தான் கிடந்தன. பெரியப்பாவும் மகனும் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். சிஸ்டர் கைத்தடியோடு எழும்பிப் பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். அப்பா இறந்த அந்த நாளில் அண்ணாவின் விமானத்தில் வரவேண்டிய ஆறு பேரில் சிஸ்டரும் ஒருவர். இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கையில் எரிகாயம் பட்ட ஒரு சின்னப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நின்றாராம்.

"நான் அவரோடு சண்டை பிடித்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், போகலாம் என்றேன். அவர் மலையைக் காட்டி, திறக்கட்டும் என்றார். மறுநாளும் மழை. மறுநாளும் சண்டை பிடித்தேன். அவர் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்கினார், எங்களுக்கு விறகு பிளந்து தந்தார். மூன்றாம் நாள் காலை திறந்தது. எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார். பிள்ளையும் பிழைத்தது. இறங்கிய பிறகுதான் தகப்பன் இறந்துவிட்டார் என்று சொன்னார். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். 'சொல்லியிருந்தால் நீங்கள் ஆறு பேரும் எனக்காகப் போவோம் என்றிருப்பீர்கள். எனக்கும் போகத்தான் விருப்பம். பிறகு என்னால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது' என்றார்."

அண்ணா இதை எங்களுக்குச் சொன்னதே இல்லை. எட்டுச் செலவுப் பந்தியில் இதைச் சொல்லியிருந்தால் அத்தனை வாயும் மூடியிருக்கும். பெரியப்பா கதிரையில் அசைந்து இருந்தார்.

எரியூட்டும் இடத்தில் பெரியப்பாவின் மகன் வழக்கப்படி முன்னுக்கு வந்தார். குடும்பத்தில் ஆண்பிள்ளை அவர்தானே என்று நினைத்திருப்பார். அம்மா நாற்காலியில் இருந்து கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, நீர் என்ரை மனுசனுக்குச் செய்தது போதும். என்ரை பிள்ளையை விட்டிட்டு நில்லும்."

நான்தான் பொத்தானை அமத்தினேன். அம்மாவின் கை என் கைமேல் இருந்தது.

இனி நன்றி. சிஸ்டருக்கு நன்றி. பிரேதத்தை முகம் சுளிக்காமல் ஒரு கிழமை பார்த்த மலர்ச்சாலைக்காரருக்கு நன்றி. சம்பளத்தை விட்டுவிட்டு லீவு போட்டு வந்த வெயார்ஹவுஸ் நண்பர்களுக்கும், அம்மாவுக்கு நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து அப்பார்ட்மென்ற் அன்ரிக்கும் நன்றி. எங்கள் துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் என்று முடிப்பதுதான் வழமை. அச்சகத்தாரும் அந்த வரியைத் தாங்களாகவே போட்டு அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அனைவருக்கும் எண்டதை வெட்டு" என்றார். வெட்டிவிட்டேன்.