குழந்தை அழுத இடம்

ஹெட்போனை ஜெயராசா ஒரு காதில் மட்டுமே வைப்பார். இடது பக்கத்துப் பஞ்சு தேய்ந்து கறுத்துவிட்டது. வலது பக்கத்துப் பஞ்சு காதுக்குப் பின்னால் சும்மா கிடந்து, வாங்கிய நாள்போலவே இருக்கிறது. கேட்டால், "படியில ஆளு ஏறுனா கேக்கணும்ல தம்பி" என்பார். பதுளை பஸார் வீதியில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே அவருடைய அறை. ஏறுகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் நான்தான். திரும்பிப் பார்க்காமலே, "வாங்க வாங்க, பாப்பா இப்பதான் பாட ஒக்காருது" என்று திரையைக் காட்டுவார்.

மொனராகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் ஒரு கம்பியூட்டர் வாங்கினார். அன்றிலிருந்து சங்கீதம் படிக்கும் பிள்ளைகளின் கச்சேரிகளும் அவரிடம் வருகின்றன. முன்னும் பின்னும் வெட்டி, தலைமையுரையைக் குறைத்து, பெயர் போட்டு விசிடியாக்கிக் கொடுப்பார். பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பார்த்துத் தங்கள் பிசகைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். பெற்றோருக்கு அது போதாது. வீணைக்காரிக்கு முன்னால் ரோசாப்பூ விரிய வேண்டும், வயலின்காரனின் முகம் இதயத்துக்குள்ளிருந்து வரவேண்டும். "இது கச்சேரிங்க, பொண்ணு வீட்டுக்கு அனுப்புற கேசட்டு இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே பூவை விரிப்பார்.

ஐம்பதை நெருங்குகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பண்ணலாம் தம்பி, வீடியோ எடுக்க நல்ல ஆளு கெடைக்கல." என் கையிலிருந்த கவிதைப் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் புரட்டினார். "என்ன இது, வரிய பாதி பாதில ஒடச்சு வச்சிருக்காங்க? புதுசா எடிட்டிங் பழகுறவன் வெட்டுன மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

வேலை செய்யும்போது திரையோடு பேசிக்கொண்டிருப்பார். "தண்ணி குடி சாமி, தொண்ட கட்டுது." "பயப்படாத, முன்னால இருக்கிறது ஒங்க மாமாதான்." ஒரே கச்சேரியை வாரக்கணக்கில் பார்ப்பதால், எந்தப் பெண் மேல் ஸ்வரத்துக்கு முன் உதட்டைக் கடிப்பாள், எந்தப் பையன் அம்மாவைத் தேடுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. மேடையிலிருந்து பார்த்தால் அவர் ஒரு விளக்குக்குப் பின்னாலிருக்கும் இருட்டு.

பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் நான் உடன் இருந்தேன். சீருடையில் நின்ற சிறுமியைக் கண்டு அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சளி சரியாப் போச்சா பாப்பா?" என்றார். சிறுமி விழித்தாள். தாய் அவளை இழுத்துத் தன் மறுபுறம் நிறுத்திக்கொண்டு, "யாருய்யா நீ?" என்றார். ஜெயராசா ஸ்டாண்டை விட்டே வெளியே நடந்தார். நாங்கள் ஏறவேண்டிய பஸ் போய்விட்டது.

கமலாம்பிகை ஆசிரியையின் கச்சேரியையும் அவர்தான் எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருடம் இங்கே சங்கீதம் கற்பித்தவர் அந்த ஆசிரியை. பாதை திறந்ததும் சொந்த ஊருக்கே மாறிப் போனார். போகுமுன் மாணவிகள் பார்த்துப் பழகட்டும் என்று ஒரு கச்சேரி செய்து பதியச் சொன்னார். அதில் ஒரு கீர்த்தனையின் நடுவே சபையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன், ஆசிரியையின் வாய் மூடியிருந்த நேரம். ஜெயராசா அந்த அழுகை இருந்த துண்டையே வெட்டி எடுத்தார். ஒட்டு தெரியாமலிருக்க, கல்யாண வீடியோக்களில் செய்வதுபோல, அதன்மேல் சபையோரின் முகங்களைக் கொஞ்சம் ஓடவிட்டார். அந்த வேலையில் அவருக்குப் பெருமை. "கொழந்த எங்க போச்சுனே தெரியாது பாருங்க" என்று எனக்குப் போட்டுக் காட்டினார்.

அடுத்த நவராத்திரிக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கோயிலில் ஒரு பெண் பாடிய கேசட் அவர் மேசைக்கு வந்தது. பெயர் யசோதினி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள், கமலாம்பிகை ஆசிரியையின் மாணவி. அதே கீர்த்தனையைப் பாடினாள். நான் கதவருகே நின்றிருந்தேன். ஜெயராசா படத்தை நிறுத்தினார். பின்னோக்கி ஓடவிட்டார். மறுபடி நிறுத்தினார். திரையில் யசோதினியின் கை உள்ளங்கையைத் தட்டிவிட்டு விரல்களை எண்ணத் தொடங்குகிறது. மீதி விரல்களை எண்ணாமல், தாளத்தின் பாதியை விட்டுவிட்டு, சட்டென்று அடுத்த வரிக்குத் தாவுகிறது. மிருதங்கக்காரர் திகைத்து அவளைப் பார்க்கிறார்.

"தம்பி," என்றார் ஜெயராசா, "என் வெட்டு அந்தப் புள்ள வாயில வருது."

அன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை. மறுநாள் என் கதவைத் தட்டினார். "ஸ்பிரிங்வெளிக்கு வாங்களேன். தனியா போனா யாரோ எவனோனு வெரட்டுவாங்க."

யசோதினியின் தாய் கதவைப் பாதி திறந்தார். "யாருங்க?"

"வீடியோக்காரன்ங்க."

"இங்க கல்யாணம் ஒண்ணும் இல்லியே?"

"டீச்சர் கச்சேரிய விசிடி போட்டது நான்தாங்க. அதுல ஒரு தப்பு இருக்கு. புள்ளகிட்ட சொல்லணும்."

உள்ளே விட்டார்கள். யசோதினி விசிடியைப் போட்டாள். சபையோரின் முகங்கள் வந்த இடத்தில் ஜெயராசா எழுந்து திரையைத் தொட்டார். "இங்க ஒரு கொழந்த அழுதுச்சும்மா. நான் எடுத்துட்டேன்."

"இல்லைங்க, டீச்சர் அப்படித்தான் பாடுவாங்க. அது அவங்க பாணி."

"பாணி இல்லம்மா. என் கத்திரி."

அவள் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தாள். ஒருமுறை உதட்டுக்குள் பாடியும், ஒருமுறை பாடாமலும் போட்டாள். முகம் சுருங்கியது. "அப்ப மிருதங்க சார்மேல தப்பு இல்லியா? நான் எல்லார்கிட்டயும் அவருதான் தடுமாறுனாருன்னு சொல்லிட்டேனே."

"நல்லா சொன்ன," என்றார் தாய். "மனுசன் அன்னையிலிருந்து நம்ம வீட்டுப் பக்கம் திரும்புறதே இல்ல."

யசோதினி சிரிக்கவில்லை. தைப்பொங்கல் கழிந்ததும் சங்கீதக் கல்லூரிக்கு அவளை எடுப்பதா இல்லையா என்று பாடவைத்துப் பார்ப்பார்கள். இந்தக் கீர்த்தனையின் பெயரைத்தான் கொடுத்திருந்தாள். இனி மாற்ற முடியாது. "விட்டுப்போனத நானா எண்ணி நெரப்பிக்கலாம்," என்றாள். "ஆனா அடுத்த வரிய டீச்சர் எந்த எடத்துல எடுப்பாங்க? வகுப்புல இதச் சொல்லித் தரவே இல்லியே. நீங்க வெட்டுனது முழுசா இருக்குதானே?"

"அந்தக் கேசட்டு மேல ஒரு பண்டாரவளைக் கல்யாணத்த பதிஞ்சிட்டேன்மா."

"அன்னைக்கு நீங்க நேர்ல கேட்டிருப்பீங்கதானே?"

"அழுகையத்தான் கேட்டேன்," என்றார் ஜெயராசா. "அது எப்ப நிக்கும்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஆசிரியையின் வீட்டில் தொலைபேசி இல்லை. அடிவாரத்துக்கு நடக்கும் வழியெல்லாம் தேயிலைக்கு மேல் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முன்னால் நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் கெமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மொனராகலையில் ஒரு கல்யாணம் என்று சொல்லிப் புறப்பட்டார். சில நாள் அறை பூட்டிக் கிடந்தது. திரும்பியபோது முகம் கறுத்து, கால் வீங்கியிருந்தது. "பெரிய கல்யாணமோ?" என்றேன். "ஆமாங்க, ரெண்டே பேரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

யசோதினியைக் கல்லூரியில் எடுத்துக்கொண்டார்கள். அவள் வீட்டில் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஜெயராசா வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க தம்பி, கல்யாணக் கேசட்டு கெடக்கு."

"அவரு அனுப்புன விசிடிய நீங்க பாக்கலியா?" என்று யசோதினி என்னிடம் கேட்டாள். பொங்கலுக்கு முன் ஸ்பிரிங்வெளி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். போட்டுக் காட்டினாள். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு முன்னறை. கமலாம்பிகை ஆசிரியை பாயில் உட்கார்ந்து அந்தக் கீர்த்தனையை முதலிலிருந்து பாடுகிறார். தாளம் போடும் கையை விட்டுப் படம் எங்கும் விலகவில்லை. வரிக்கும் வரிக்கும் நடுவே வாய் மூடியிருக்கும் நேரத்தில், கை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

பாட்டு முடிந்தது. படம் முடியவில்லை. ஆசிரியை கையை மடியில் வைத்துவிட்டு, தோளில் கெமராவோடு, அதில் கண்ணைப் பதித்தபடி எதிரே நின்றவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஜெயராசா, பதுளையில வெளிக்கிட்டதிலயிருந்து ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

ஆசிரியையின் முகம், பின்னாலிருந்த ஜன்னல், வெள்ளைச் சுவர் எல்லாம் சேர்ந்து, இல்லையென்று தலையாட்டுவதுபோல், மெல்ல இடமும் வலமுமாக அசைந்தன.