மண்ணிறக் கோட் போட்ட ரதி அக்கா

இது நடந்த கதை. தங்கேஸ்வரி இன்றைக்கும் கனடாவில், ஸ்காபரோவில்தான் இருக்கிறாள். போய்க் கேட்டால் "ஓம்" என்பாள், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டாள். பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். இது பட்டப்பகலில் நடந்தது.

1986ஆம் ஆண்டு மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோவுக்குப் படிக்க வந்தவள் அவள். மார்கழிச் சோதனையில் தவறினால் பல்கலைக்கழக இடம் போகும். இடம் போனால் விசாவும் போகும். ஊரிலோ ஆமி இளம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். அவளை விமானம் ஏற்றிவிட்ட பிறகும் அம்மாவுக்கு நித்திரை வரவில்லை.

லண்டனில் படித்து முடித்த மச்சான் ஒருவன் இருந்தான், அருள்நாயகம் என்று. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்குப் புத்தி சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கேட்காவிட்டாலும் சொல்வான். எதிரே வருகிற எல்லோரையும் பார்த்துச் சிரிக்கவேண்டும். வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போகவேண்டும். பக்கத்து அறையில் இருப்பவரின் கதையைத் துருவக்கூடாது. அவரைப் பற்றி வீட்டுக்காரரிடம் மூச்சும் விடக்கூடாது, கோள் சொல்கிறாய் என்று நினைத்துவிடுவார்கள். லண்டனுக்குச் சரியானது கனடாவுக்கும் சரி என்று தங்கேஸ்வரி எல்லாவற்றையும் அப்படியே மனதில் போட்டுக்கொண்டாள்.

ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் தவமணி அன்ரியின் வீட்டில் அறை கிடைத்தது. அன்ரி யாழ்ப்பாணத்து மனுஷி, தனி ஆள், தையல் ஃபாக்டரியில் வேலை. விடியமுன் வெளிக்கிட்டால் இருட்டிய பிறகுதான் வருவா. பேஸ்மென்றில் இரண்டு அறைகள், நடுவில் சமைக்க ஒரு சின்னக் குசினி. ஓர் அறை இவளுக்கு. மற்றதன் கதவு சாத்தியிருந்தது.

இரண்டாம் நாள் காலை குசினி மேசைக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். தடித்த மண்ணிறக் கோட். பெயர் ரதி என்றாள். தானும் படிக்க வந்தவள் என்றாள். தங்கேஸ்வரிக்குப் போன உயிர் வந்தது.

ரதி நல்ல நல்ல புத்திகள் சொன்னாள். காலுக்கு இரண்டு சொக்ஸ் போடு. தலை ஈரத்தோடு வெளியே போகாதே. விளங்காவிட்டால் விரிவுரையாளரிடமே போய்க் கேள், இங்கே அதற்குக் கோபிக்கமாட்டார்கள். ஒவ்வொன்றும் பலித்தது. ஒரே ஒரு பிழை… பஸ் நிற்கும் இடம். ரதி சொன்ன இடத்தில் காத்து நின்றபோது, தெருவால் போன ஒரு கிழவர் சிரித்தார். அந்த பஸ் தரிப்பை மாற்றி இரண்டு வருசமாகிறதாம்.

தங்கேஸ்வரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆளுக்கு ஞாபகமறதி என்று நினைத்தாள்.

ஆனால் வேறும் சில இருந்தன. ரதி ஒருநாளும் கோட்டைக் கழற்றுவதில்லை. ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆடை படர்ந்து அப்படியே கிடக்கும். அடுப்பைப் பற்றவைக்கக் கை போனால் போதும், எழுந்து அறைக்குள் போய்விடுவாள். கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்காது.

கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வரும். மச்சானின் புத்தி தடுக்கும். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வாறன் அக்கா" என்பாள். அப்போது மட்டும் ரதி நிமிர்ந்து பார்ப்பாள்.

"ஓம். வா."

மூன்று மாதம் இப்படியே போனது.

சோதனை நாள். காலை ஏழரை. தங்கேஸ்வரி உடுத்து முடித்து, சப்பாத்துப் போடக் கட்டிலில் இருந்தாள்.

எழும்ப முடியவில்லை.

கால் இருக்கிறது. கை இருக்கிறது. ஒன்றும் சொல்வழி கேட்கவில்லை. அன்ரியைக் கூப்பிட வாய் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. அன்ரியும் வேலைக்குப் போயிருந்தா.

வாசலில் ரதி நின்றாள். தோளில் தங்கேஸ்வரியின் பை. கையில் தங்கேஸ்வரியின் சப்பாத்து.

"ஒவ்வொரு நாளும் நீதானே சொல்லிப்போட்டுப் போனனி. இண்டைக்கு நான் போயிட்டு வாறன்."

டக்… டக்… டக்…

மரப்படி ஏறும் சத்தம். மேலே வாசல் கதவு திறந்தது. மூடியது.

ஒன்பது மணிக்குச் சோதனை. சுவரில் மணிக்கூடு.

எட்டரை…

ஒன்பது…

இனி எல்லாம் போச்சு. இடம் போச்சு. கண்ணீரைத் துடைக்கவும் கை எழும்பவில்லை.

பன்னிரண்டு…

நாலு மணிக்கு யன்னலில் இருட்டு விழுந்தது.

டக்… டக்… இப்போது இறங்கும் சத்தம்.

கை அசைந்தது.

கட்டிலடியில் பை. பக்கத்தில் சப்பாத்து. நனைந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு ஓடினாள். இன்னொரு தவணை தரும்படி விரிவுரையாளரிடம் அழுதாள். மனுஷன் திகைத்துப் போனார். நீதானே முதல் ஆளாக வந்தாய் என்றார். மூன்று மணித்தியாலமும் தலை நிமிராமல் எழுதினாயாம். மண்டபம் அனலாய்க் கொதித்தும் அந்த மண்ணிறக் கோட்டைக் கழற்றவில்லையே, சுகமில்லையா என்று கேட்டார்.

அன்று பின்னேரம் மச்சானின் புத்தியை மீறி அன்ரியிடம் கேட்டாள். பக்கத்து அறை அக்கா யார்?

அன்ரி திறப்பை எடுத்து வந்து அந்தக் கதவைத் திறந்தா. விரிப்புக் கலையாத கட்டில். கதவுக்குப் பின்னால், பிளாஸ்ரிக் உறைக்குள், மண்ணிறக் கோட். விலைச்சீட்டு இன்னும் அறுக்கவில்லை. அடிக்கரை மட்டும் ஈரம்.

"ரதி. என்ரை அண்ணன்ரை மகள்," என்றா அன்ரி. "எண்பத்திமூண்டில இஞ்ச படிக்க வர இருந்தவள். நான்தான் எந்த பஸ், எங்க நிண்டு ஏறுறது, குளிருக்கு என்ன போடுறது எண்டு ஃபோனில சொல்லிக் குடுத்தனான். எல்லாத்தையும் பாடமாக்கி வைச்சிருந்தவள். இந்தக் கோட்டும் அவளுக்கெண்டு நான் வாங்கி வைச்சது. பிளேன் ஏறக் கொழும்புக்கு வந்து நிண்ட இடத்திலதான் தமிழாக்களைத் தேடித் தேடி அடிச்ச ஆடிக் கலவரம். வீட்டோட வைச்சு எரிச்சுப்போட்டாங்கள். கனடாவை அவள் கண்ணாலயும் காணேல்லைப் பிள்ளை."

தங்கேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். தினமும் காலையில் ரதியிடம் சொல்லிவிட்டுப் போனதையும் சொன்னாள். அன்ரியின் முகம் வெளிறியது.

"செத்தவீட்டில ஆரும் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறதோ? நீ மூண்டு மாசமா ஒரு செத்த பிள்ளைக்கு வாறன், வாறன் எண்டு சொல்லியிருக்கிறாய்."

அன்றே உடுப்புகளைக் கட்டிக்கொண்டு ஒரு சிநேகிதியின் அபார்ட்மென்ற்றுக்குப் போனாள். அன்ரிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

முடிவு வந்தது. நல்ல புள்ளிகள். விசாவும் நீண்டது. ஆசைப்பட்ட எல்லாம் கையில், அவளுக்கோ சோறு இறங்கவில்லை. புதிய இடத்தில் ஃபோன் இருந்தது. ஆனால் அம்மாவோடு என்ன கதைப்பது என்று தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேலாக எடுக்கவேயில்லை.

தைப்பொங்கலன்றுதான் மனதைத் திடப்படுத்தி எடுத்தாள். ஊரில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தார்.

"என்ன மகள், போன கிழமைதானே கதைச்சாய்," என்றா அம்மா.

தங்கேஸ்வரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இப்பதான் இந்த இடம் ஒத்துவந்திருக்கு, இனி ஒண்டுக்கும் யோசிக்காதீங்க எண்டு சொன்னாய். அதுக்குப் பிறகுதான் மகள் நான் நித்திரை கொள்ளுறன்."

கம்பியில் இரைச்சல்… ஸ்ஸ்ஸ்…

"லைன் சரியில்ல. குரலே விளங்கல்ல. கதைக்கிறது நீதானே?"

தங்கேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓம் அம்மா… போன கிழமையும் நான்தான்."