பச்சை டிக்

தில்லி கிட்வாய் நகரில் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் அக்கா திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு ஊழியர். நான் குர்கானில் ஒரு நிறுவனத்தில் இணையவழிப் பாடங்கள் தயாரிக்கிறேன். அவர் அலுவலகத்தில் எல்லோரும் முடித்தாக வேண்டிய கொள்முதல் விதிகள் பாடம் நான் எழுதியதுதான். அதை முடிக்காதவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் ஏறாது. வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடுகிறார்கள்.

திங்கள் காலை அக்கா லேப்டாப்போடு இறங்கி வந்தார்.

"ஏம்மா, போன வாரமே முடிச்சிட்டேன்லா? பச்சை டிக் கூட வந்துச்சு. இன்னைக்குப் பாத்தா முடிக்கலன்னு காட்டுது. நான் என்ன செஞ்சேன்?"

ஒன்றும் செய்யவில்லை. விதிகளை நன்றாகப் படித்துக்கொள்ளலாம் என்று பாடத்தை மறுபடி திறந்திருக்கிறார். அதுதான் அவர் செய்த குற்றம்.

எந்த அலுவலகத்தின் பயிற்சித் தளத்தில் ஏற்றினாலும் பாடம் ஓடவேண்டும் என்பதற்காக ஸ்கார்ம் என்று ஒரு தரநிலை இருக்கிறது. பாடமும் தளமும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கள் பாடம் திறந்தவுடனே தளத்திடம் 'இன்னும் முடியவில்லை' என்று சொல்லும். ஏற்கெனவே முடித்தவர் என்றால் எங்கள் சோதனைத் தளம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. அக்கா அலுவலகத்தின் தளமோ பழையதை அழித்துவிட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறது.

கூட்டம் போட்டோம். தரநிலைப்படிதான் செய்திருக்கிறோம் என்றார்கள் தளத்துக்காரர்கள். எங்கள் மேலாளரும் நம் பாடத்தைப் பற்றி அதையே சொன்னார். இரண்டுமே உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சல். ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் திருத்தியதை ஏற்றுவதற்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும், அது வெள்ளிக்குள் வரப்போவதில்லை.

அக்காவின் அலுவலகத்தில் மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டே 'அடுத்து, அடுத்து' என்று தட்டி முடித்தவர்கள். அவர்கள் எல்லோருக்கும் பச்சை டிக் பத்திரமாக இருக்கிறது. அப்படித்தான் முடிப்பார்கள் என்று தெரிந்தே இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது. அக்காவை இப்போதுதான் கொள்முதல் பிரிவில் போட்டிருக்கிறார்கள், அதனால் நிஜமாகவே படித்திருக்கிறார்.

வியாழன் மாலை அவரை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, முதலிலிருந்து முழுப் பாடத்தையும் திரும்பச் செய்யவைத்தேன். கடைசிக் கேள்வி முடிந்ததும் டிக் வந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பிச்சேன்மா" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு மறுபடி லேப்டாப் பக்கம் திரும்பினார்.

"அச்சா, அந்த டெண்டர் பக்கத்த மட்டும் இன்னொருக்க பாத்துக்கிடட்டுமா? நாளைக்கு அந்த வேலைதான். அவ்வளவு தெளிவா எழுதியிருக்க."

என் பாடத்தை அப்படிச் சொன்னவர் இதுவரை யாருமில்லை. சட்டென்று கையை நீட்டி லேப்டாப்பை மூடினேன்.

"திறக்காதீங்கக்கா. என்ன வேணும்னு கேளுங்க, நானே வாயால சொல்றேன்."