இரண்டாவது மட்டும் போதும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் வங்கித் தேர்வுப் பயிற்சி நடந்தது. பூச்சிமருந்து வாசனை எங்களுக்கு முன்னால் படியேறி வந்து உட்கார்ந்திருக்கும். தியாகதுருகத்திலிருந்து நானும், நைனார்பாளையத்திலிருந்து ஓர் அக்காவும் தினமும் பஸ் பிடித்து வருவோம். நான் கல்லூரி முடித்த கையோடு வந்தவள். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல். மரவள்ளிக் காட்டில் வேலையை முடித்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருவார். வயது வரம்பின்படி அந்த ஆண்டுத் தேர்வுதான் அவருக்குக் கடைசி. “இத்த வுட்டா அப்புறம் காடுதான்” என்று சிரித்துக்கொண்டே, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் பாதியை என் பக்கம் தள்ளுவார்.

அந்த நாலு மாதம் படித்த சந்தோஷத்தில் நான் பிறகு எதையும் படித்ததில்லை.

எங்களுக்குப் பெரிய தலைவலி ‘டேட்டா சஃபிஷியன்சி’ கணக்குகள். அதில் விடையைக் கேட்க மாட்டார்கள். ஒரு கேள்வியும் இரண்டு தகவலும் இருக்கும். முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் ஆகுமா என்று சொன்னால் போதும். விடையை எழுதிக் கட்டம் கட்டியே வளர்ந்தவர்கள் நாங்கள். ‘போதும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது, இலை போட்டுச் சோறு போடாமல் எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் தகவலைப் படித்ததும் அதை இடது உள்ளங்கையால் மூடிவிட்டுத்தான் இரண்டாவதைப் படிப்பார். “மொத படிச்சது கூடவே வந்து ஒட்டிக்கினு இருக்குது புள்ள” என்பார். அடுக்குத் தொடர் வந்தால் இன்னும் மெதுவாகப் போவார். ஓர் எண், அதன் ஸ்கொயர், அதன் க்யூப் என்று போகும் தொடர் அது. ஸ்கொயர் ஒன்பது என்றால் எண் மூன்றாகவும் இருக்கலாம், மைனஸ் மூன்றாகவும் இருக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்.

நான் முந்திரிக்கொட்டை. பக்கத்தில் யாராவது மெதுவாகப் போட்டால் எனக்குக் கை நமநமக்கும்.

“கைய எடுங்கக்கா. டைம் ஜாஸ்தியா ஆவுது. நம்ம புக்குல பவர் கணக்கெல்லாம் ரெண்டு, நாலு, எட்டுதான். மைனஸு எங்க வருது?”

செல்போனில் நேரம் வைத்து அவரை விரட்டினேன். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அக்கா கையை எடுத்துவிட்டார். ஏதோ சாதித்துவிட்டதாக நான் பூரித்துப்போனேன்.

தேர்வு சேலத்தில். கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு வந்தது. அடுக்குத் தொடரில் மூன்றாம் எண் என்ன? முதல் தகவல்: முதல் எண் பூஜ்ஜியத்தைவிடப் பெரியது. இரண்டாவது: இரண்டாம் எண் நாற்பத்தொன்பது. ‘இரண்டாவது மட்டும் போதும்’ என்பதை அழுத்தப் போனேன். அப்போது என் இடது கை தானாக எழுந்து திரையில் முதல் தகவலை மூடியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கமோ என்னவோ. மூடியதும் மைனஸ் ஏழு தெரிந்தது. இரண்டும் வேண்டும் என்று போட்டேன்.

திரும்பும் பஸ் ஆத்தூரைத் தாண்டியதும் கல்வராயன் மலை ஜன்னலுக்குள் வந்துவிட்டது. அக்கா நல்ல குஷியில் இருந்தார்.

“அந்த நாப்பத்தொம்பது கணக்குக்கு இன்னா போட்ட?”

“நீங்க?”

“ரெண்டாவது மட்டும் போதும்னு போட்டேன். நீ சொன்ன மாதிரி கையே வெக்கல. பத்தே செகண்டு.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. “நானும் அதாங்கக்கா” என்றேன்.

முடிவு வந்தது. நான் தேறினேன். அக்காவுக்கு ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில் தவறிப்போனது. மறுநாளே வேர்க்கடலைப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மன்னித்துவிடுவார் என்று தெரியும். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது நான் வங்கியில் இருக்கிறேன். அக்கா காட்டைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் நைனார்பாளையத்துக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கல்லூரிக்குப் போகும் மகள் தாயைச் சீண்டினாள்.

“ஒண்ணாத்தான படிச்சீங்க? சித்தி மட்டும் எப்பிடிம்மா பாஸாச்சி?”

“பதிலெல்லாம் ஒரே மாதிரிதான் போட்டோம். அவ நேரம் நல்லா இருந்துச்சி” என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். “இல்ல புள்ள?”

“ஆமாங்கக்கா” என்றேன்.

அக்கா என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.